சுளுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள்!

உடல்நலப் பாடம்



இந்த மாதக் கூட்டத்தில் நாம் படித்துப் பேசப்போகும் பாடம் கணுக்கால் சுளுக்கு. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். உங்கள் குழுவில் இருக்கும் எல்லோரையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "எனக்குக் கால் பிசகினதே இல்லை" என்று சொல்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? வரப்பில் நடக்கையில் மண் சரிந்து கால் மடங்கியிருக்கும். குடத்தோடு கிணற்றடியில் வழுக்கியிருக்கும். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது பள்ளம் தெரியாமல் கால் வைத்திருப்போம். பேருந்துப் படியில் அவசரமாக இறங்கும்போதும் பிசகியிருக்கும்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டு நீவுகிறோம். பத்து போடுகிறோம். ரெண்டு நாள் நொண்டுகிறோம். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறோம். மூன்று மாதம் கழித்து அதே கால் மறுபடியும் பிசகுகிறது. "என் காலு ராசி அப்படி" என்று சொல்லிக்கொள்கிறோம்.

இது ராசி இல்லை சகோதரிகளே. முதல் சுளுக்கு முழுதாக ஆறவில்லை என்பதுதான் காரணம். வீக்கம் வடிவது பாதி குணம். மீதிப் பாதி குணத்தை நாம்தான் பயிற்சி செய்து கொண்டுவர வேண்டும். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு சுவர், ஒரு பழைய சைக்கிள் டியூப், தினமும் கால் மணி நேரம், இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

கணுக்காலுக்குள் என்ன இருக்கிறது?

கணுக்கால், கரண்டைக்கால் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறோம். முன்கால் எலும்புகள் இரண்டும் பாத எலும்போடு சேருகிற மூட்டு இது. எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டியிருப்பவை நார்கள். பந்தல் போடும்போது கம்போடு கம்பைக் கயிற்றால் கட்டுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

கணுக்காலின் வெளிப்பக்கம் மூன்று முக்கியமான நார்கள் இருக்கின்றன. உள்பக்கம் இருப்பது அகலமான, உறுதியான கட்டு. நமக்குக் கால் பிசகும்போது பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. அப்போது வெளிப்பக்க நார்கள் வெடுக்கென்று இழுபடுகின்றன. அதிலும் முன்னால் இருக்கிற நார்தான் முதலில் அடிபடும். அதனால்தான் வெளிக் கணுவுக்குக் கீழேயும் முன்னேயும் முதலில் வீங்குகிறது.

சுளுக்கில் மூன்று வகை உண்டு.

1. லேசானது: நார் இழுபட்டிருக்கும், அறுந்திருக்காது. நொண்டியாவது நடக்க முடியும். ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

2. நடுத்தரம்: நார் கொஞ்சம் கிழிந்திருக்கும். நல்ல வீக்கம், கருநீலமாக ரத்தக் கட்டு, காலை ஊன்றினால் வலி இருக்கும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

3. கடுமையானது: நார் முழுக்க அறுந்திருக்கும். மூட்டு ஆட்டம் காணும். மூன்று மாதம், அதற்கு மேலும் ஆகலாம். கண்டிப்பாக மருத்துவர் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் வலியும் வீக்கமும் போவதற்கான கணக்கு. உள்ளே நார் பழைய உறுதிக்கு வர இன்னும் பல மாதம் பிடிக்கும்.

சுளுக்கா, எலும்பு முறிவா?

இதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. "எலும்பு முறிஞ்சிருந்தா நடக்கவே முடியாது, நடக்க முடியுதுல்ல, அப்ப சுளுக்குதான்" என்று நினைக்கிறோம். சின்ன விரிசல் இருந்தாலும் சிலர் நடந்துவிடுவார்கள். ஆகவே நடப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கனடா நாட்டில் ஒட்டாவா என்ற ஊரின் மருத்துவர்கள் இதற்கு ஒரு சுலபமான சோதனை முறையை 1992-ல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நாமும் தெரிந்துகொள்வோம். கீழே சொன்னதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

1. அடிபட்ட உடனேயும், பிறகு பார்க்கும்போதும் நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை. (நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு.)

2. வெளிக் கணு எலும்பின் நுனியிலோ, அதன் பின் விளிம்பில் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரையிலோ விரலால் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறது.

3. உள் கணு எலும்பிலும் அதேபோல் அழுத்தினால் வலிக்கிறது.

4. பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது.

5. பாதத்தின் உள்பக்கம், கணுவுக்குச் சற்று முன்னால் மேடாக இருக்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது.

கால் கோணிக்கொண்டிருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ, பாதம் சில்லென்று வெளுத்துப்போனாலோ, விரல் மரத்துப்போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். யாரும் காலைப் பிடித்து நேராக்கப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல வருடம் சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அவர்களுக்கு மேலே சொன்ன சோதனையை நம்ப முடியாது. கால் வீங்கினாலே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மாதவிடாய் நின்ற வயதுடைய அக்காமார்களுக்கு எலும்பு பலம் குறைந்திருக்கும், அவர்களும் காட்டிவிடுவது நல்லது. கர்ப்பிணியாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று நாள்

முதல் வேலை: கொலுசையும் மெட்டியையும் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கழற்ற முடியாது. மெட்டி இறுகி விரலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். "மெட்டியைக் கழட்டக்கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால், வீக்கம் வடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஊன்றாதீர்கள்: முதல் ரெண்டு மூன்று நாள் அடிபட்ட காலில் பாரம் போட வேண்டாம். நடந்தே ஆக வேண்டும் என்றால் கம்பு ஊன்றி நடக்கலாம். கம்பை நல்ல கால் இருக்கும் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

குளிர்ச்சி: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். ஐஸைத் தோலில் நேராக வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். ஐஸ் கிடைக்காவிட்டால் மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி, அடிக்கடி மாற்றுங்கள். இது வலியைக் குறைக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் வைக்க வேண்டாம்.

கட்டு: மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் கிடைக்கும். 10 செ.மீ. அகலம் உள்ளதை வாங்குங்கள். விரல்களுக்குப் பின்னால் ஆரம்பித்து, கணுக்காலைச் சுற்றி எட்டு போடுவதுபோல் சுற்றி, கெண்டைக்காலுக்குக் கீழே முடிக்க வேண்டும். விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, சில்லிட்டாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது தளர்த்திவிடுங்கள்.

உயரம்: படுக்கும்போது காலுக்குக் கீழே ரெண்டு தலையணை, அல்லது மடித்த சாக்கு வைத்துக் கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வீக்கம் ஏறும்.

வலி மாத்திரை: சாதாரணமாகப் பாராசிட்டமால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

செய்யக்கூடாத நாலு காரியம்

1. முதல் மூன்று நாள் சூடான ஒத்தடம் கூடாது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும்.

2. அழுத்தி நீவுவது, இழுப்பது, சொடக்கு எடுப்பது கூடாது. கிழிந்த நாரை நீவினால் இன்னும் கிழியும். உள்ளே எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகிப்போகும். நம் ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கையில் எக்ஸ்ரே கிடையாது. எலும்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, வீக்கமும் குறைந்த பிறகு, லேசாக எண்ணெய் தடவித் தேய்த்துக்கொள்வதில் தவறில்லை.

3. வலி ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே நடவுக்கோ, களை எடுக்கவோ போகக்கூடாது. ஊசி வலியைத்தான் மறைக்கும், நாரை ஒட்ட வைக்காது. வலி என்பது "இதுக்கு மேல வேண்டாம்" என்று கால் நம்மிடம் சொல்வது.

4. மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது. இது பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஓய்வு எவ்வளவு?

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற நாலையும் சேர்த்துச் சொன்னார். உலகமே அதைப் பின்பற்றியது. பல வருடம் கழித்து, முழு ஓய்வும் அதிக ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்று மருத்துவர்கள் சொல்வது இதுதான்: லேசான, நடுத்தரமான சுளுக்குக்கு ரெண்டு மூன்று நாள் பாதுகாப்பு, அதன்பின் வலி தாங்கும் அளவுக்கு மெதுவாக அசைவு. கடுமையான சுளுக்குக்கு மட்டும் மருத்துவர் சில நாள் மாவுக்கட்டோ பூட்ஸ் போன்ற கட்டோ போடுவார். அதைச் சொன்ன நாள் வரை கழற்றக்கூடாது.

பிசகின கால் ஏன் மறுபடி பிசகுகிறது?

கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பார்க்காமலே உங்கள் பாதம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று சொல்ல முடிகிறது அல்லவா? கணுக்கால் நாரிலும் தசையிலும் இருக்கும் நுண்ணிய நரம்புகள்தான் இந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. வரப்பில் கால் லேசாகச் சாய்ந்தவுடன் இந்தச் செய்தி போகும். உடனே முன்காலின் வெளிப்பக்கத் தசைகள் பாதத்தை இழுத்து நிமிர்த்திவிடும். நமக்குத் தெரியாமலே ஒரு நொடிக்குள் நடக்கிற வேலை இது.

சுளுக்கு வந்தால் நாரோடு சேர்ந்து அந்த நரம்புகளும் அடிபடுகின்றன. வீக்கம் வடிந்த பிறகும் செய்தி மெதுவாகத்தான் போகும். ஓய்வில் இருந்ததால் தசையும் மெலிந்திருக்கும். இந்த நிலையில் தலையில் சுமையோடு வரப்பில் இறங்கினால் கால் சாயும், நிமிர்த்துவதற்கு ஆள் இருக்காது. காவல்காரன் தூங்கும் வீட்டில் திருடன் புகுவதுபோல்தான்.

முதல் சுளுக்கு வந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் வரை, பிறகு பல காலம் கணுக்கால் ஆட்டம், வலி, திரும்பத் திரும்பப் பிசகுதல் என்று அவதிப்படுகிறார்கள். பல தடவை பிசகினால் மூட்டுத் தேய்மானமும் சீக்கிரம் வந்துவிடும்.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். நெதர்லாந்து நாட்டில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை ரெண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு 8 வாரம், வாரம் மூன்று நாள், வீட்டிலேயே செய்கிற சமநிலைப் பயிற்சி. ஒரு வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 33 பேருக்கு மறுபடி பிசகியது. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான் பிசகியது. இந்த ஆய்வு 2009-ல் வெளியானது. பக்கத்தில் யாரும் நின்று சொல்லித்தராமல் அவர்களே வீட்டில் செய்த பயிற்சி அது. அப்படியானால் நம்மாலும் முடியும்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி

லேசான வலி, இழுப்பு இருக்கலாம். கடுமையாக வலித்தாலோ, மறுநாள் வீக்கம் கூடினாலோ ஒரு படி பின்னுக்குப் போங்கள். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

முதல் படி – அசைவு (மூன்றாம், நாலாம் நாளிலிருந்து)

• கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 20 தடவை.
• கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்தும் எழுதுங்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். பக்கத்தில் பிள்ளை இருந்தால் அதுவும் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்!
• ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யுங்கள்.
• நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றி, பிறகு விரலை ஊன்றுங்கள். நொண்டி நடப்பதையே பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ரெண்டாம் படி – பலம் (ஏறக்குறைய ரெண்டாம் வாரத்திலிருந்து)

• உட்கார்ந்துகொண்டு பாதத்தின் வெளி விளிம்பைச் சுவரில் வைத்துத் தள்ளுங்கள். ஐந்து எண்ணும் வரை தள்ளி, விடுங்கள். 10 தடவை.
• பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். மெதுவாகத் திரும்ப விடுங்கள். 10 தடவை வீதம் மூன்று முறை.
• சுவரைப் பிடித்து நின்று ரெண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். 10 தடவை வீதம் மூன்று முறை. சுலபமானதும் ஒற்றைக் காலில் செய்யுங்கள்.
• சுவரில் கை ஊன்றி, அடிபட்ட காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் படும்படி முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுக்கும். 30 எண்ணும் வரை நில்லுங்கள். மூன்று தடவை.

மூன்றாம் படி – சமநிலை (வலியில்லாமல் ஊன்ற முடிந்ததும்)

• சுவர் ஓரமாக நின்று அடிபட்ட காலில் மட்டும் 30 நொடி நில்லுங்கள். மூன்று தடவை.
• அது சுலபமானால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். கை சுவரைத் தொடும் தூரத்தில் இருக்கட்டும்.
• அதுவும் சுலபமானால் நாலாக மடித்த கோணிச்சாக்கின் மேல், அல்லது தலையணையின் மேல் ஒற்றைக் காலில் நில்லுங்கள்.
• கடைசியாக, ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து தரையில் இருக்கும் சொம்பை எடுத்து வையுங்கள்.
• இதை வாரத்துக்கு மூன்று நாளாவது, 8 வாரம் விடாமல் செய்ய வேண்டும். வலி இல்லை என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடக்கூடாது.

"நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்பீர்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம். உலை கொதிக்கும்வரை குதிகாலைத் தூக்கி இறக்கலாம். தொலைக்காட்சியில் தொடர் பார்க்கும்போது டியூப்பை இழுக்கலாம்.

கூட்டத்தில் கேட்ட மாதிரி – கேள்வியும் பதிலும்

(ஒருவர் உறுப்பினராகவும் ஒருவர் ஊக்குநராகவும் இருந்து இதைப் படித்துக் காட்டலாம்.)

உறுப்பினர்: அக்கா, எனக்குக் கால் பிசகி பத்து நாள் ஆச்சு. வீக்கம் வடிஞ்சிருச்சு. நாளைக்கு நடவு கூப்பிடுறாங்க. போகலாமா?

ஊக்குநர்: ஒற்றைக் கால்ல முப்பது எண்ணுற வரைக்கும் நிக்க முடியுதாம்மா?

உறுப்பினர்: பத்து எண்ணுறதுக்குள்ள ஆடுதுக்கா.

ஊக்குநர்: அப்ப சேத்துக்குள்ள எப்படி நிப்ப? சேறு காலை இழுக்கும். நீ இழுக்குற வேகத்துல மறுபடி மடங்கும். ஒரு வாரக் கூலிக்குப் பாத்தா ஒரு மாசக் கூலி போயிரும்.

உறுப்பினர்: வீட்டுல சும்மா உக்காந்தா மாமியார் ஒரு மாதிரி பாக்குறாங்கக்கா. "சுளுக்குக்கு இம்புட்டு நாளா"ன்னு கேக்குறாங்க.

ஊக்குநர்: அவங்க கேக்குறதும் நியாயம்தான், அவங்க காலத்துல யாரும் சொல்லிக் குடுக்கலையே. இந்தப் பாடத்தை அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. உக்காந்து செய்யுற வேலையை நீ செய். தண்ணி தூக்குறதை மட்டும் ஒரு மாசத்துக்கு வேற ஆள் பாக்கட்டும். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு, குடம் தூக்கினா கை தேஞ்சா போயிரும்?

உறுப்பினர்: கக்கூஸ்ல குந்தி உக்கார முடியலக்கா.

ஊக்குநர்: நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கலாம். சுவத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி அடிச்சாலும் நல்லது. கணுக்கால் வளைய வளைய குந்துறதும் சரியாயிரும்.

பழைய வேலைக்கு எப்போது திரும்பலாம்?

நாள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கீழே உள்ள ஐந்தும் முடிகிறதா என்று பாருங்கள்.

1. அரை மணி நேரம் நொண்டாமல் நடக்க முடிகிறது.
2. அடிபட்ட காலில் 30 நொடி ஆடாமல் நிற்க முடிகிறது.
3. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, நல்ல கால் அளவுக்கு வருகிறது.
4. குந்தி உட்கார்ந்து எழ முடிகிறது.
5. மேடு பள்ளத்தில் சுமையில்லாமல் நடந்தால் பயமில்லை, மறுநாள் வீக்கமும் இல்லை.

ஐந்தும் முடிந்தால் வேலைக்குப் போகலாம். முதல் வாரம் அரைக் குடம், பாதிக் கட்டு என்று ஆரம்பியுங்கள். சேற்று வேலையும் தலைச்சுமையும் கடைசியாக வரட்டும். முதல் சில மாதம் வயல் வேலைக்குப் போகும்போது மருந்துக் கடையில் கிடைக்கும் கணுக்கால் பட்டையைப் போட்டுக்கொண்டால் மறுபடி பிசகும் வாய்ப்பு குறையும். ஆனால் பட்டை போட்டாலும் பயிற்சியை விடக்கூடாது.

ஆறு வாரம் ஆகியும் வலியும் வீக்கமும் குறையாவிட்டால், கால் அடிக்கடி "விட்டுப்போகிற" மாதிரி இருந்தால், மூட்டுக்குள் ஏதோ சிக்குவதுபோல் இருந்தால் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், அல்லது மூச்சுத் திணறினால், அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் பகுதியில் பயிற்சி சொல்லித்தர யார் வருகிறார்கள், எந்தக் கிழமை வருகிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

வருமுன் காப்போம்

• செருப்பு: அடி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். மேட்டு நிலத்துக்கும் ரோட்டுக்கும் பின்பட்டை உள்ள செருப்பு நல்லது.
• சுமை: தலையில் பெரிய கட்டு இருந்தால் கழுத்தைக் குனிய முடியாது, கால் வைக்கும் இடம் தெரியாது. ஒரு பெரிய கட்டுக்குப் பதிலாக ரெண்டு சின்னக் கட்டு. நடை கூடினாலும் கால் தப்பிக்கும்.
• சேலை: தடுக்காத அளவுக்குக் கொசுவத்தைத் தூக்கிச் செருகுங்கள்.
• வெளிச்சம்: விடியற்காலையிலும் இரவிலும் வெளியே போகும்போது டார்ச் அல்லது செல்போன் விளக்கு கையில் இருக்கட்டும்.
• களைப்பு: நாள் முழுக்க வேலை செய்து தசை சோர்ந்திருக்கும்போது கால் தடுமாறுவது சுலபம். வீடு திரும்பும் கடைசி நடையில் அவசரம் வேண்டாம்.
• பாதை: எல்லோரும் நடக்கும் வரப்பில் உடைப்பு, குழாயடியில் பாசி, கிணற்றடியில் பெயர்ந்த கல் – இவை ஒருத்தரை மட்டும் விழவைப்பதில்லை.

குழு என்ன செய்யலாம்?

அடிபட்ட உறுப்பினர் வலியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவது ஏன்? கூலி போகும், தவணை நிற்கும், வீட்டில் தண்ணீர் தூக்க ஆளில்லை. இந்த மூன்றுக்கும் தனியாக அவளால் வழி காண முடியாது, குழுவால் முடியும். இந்தத் தீர்மானங்களைப் பற்றிப் பேசுங்கள்.

1. எக்ஸ்ரே, மருத்துவச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை தருவது.
2. மருத்துவர் ஓய்வு சொன்ன உறுப்பினரின் தவணையைக் குழு கூடிப் பேசித் தள்ளிவைப்பது.
3. பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் முறை வைத்து ரெண்டு வாரம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது.
4. குழு பெட்டியில் ரெண்டு கிரேப் பேண்டேஜும், ஊன்றுவதற்கு ஒரு கம்பும் வைத்திருப்பது.
5. குழாயடி, வரப்புப் பாதையைச் சரிசெய்யக் கூட்டமைப்பு மூலமாக ஊராட்சியில் மனு கொடுப்பது, கிராம சபையில் பேசுவது.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

• நம் குழுவில் ஒரே கால் ரெண்டு தடவைக்கு மேல் பிசகியவர் யார் யார்?
• இப்போதே எல்லோரும் எழுந்து, சுவர் ஓரமாக, ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். முப்பது எண்ணும் வரை நிற்க முடியாதவர்கள் இன்றிலிருந்தே பயிற்சியை ஆரம்பியுங்கள்.
• நம் ஊரில் கால் பிசகும் இடங்கள் எவை? ஒரு தாளில் எழுதுங்கள். அதில் நாமே சரிசெய்யக்கூடியது எது, ஊராட்சி செய்ய வேண்டியது எது?
• அடுத்த கூட்டத்தில், பயிற்சி செய்த உறுப்பினர் எத்தனை நொடி நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சேமிப்பு ஏறுவதைப் போல இதுவும் வாராவாரம் ஏறும்.